தலையில் வைத்த கை

ஒரு மனிதர் தன் தலையில் தானே கை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அரங்கில் இருந்த மற்ற எல்லோரும் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வினையே அதுதான்.

இது பெருமூச்சு என்பவரின் கதை. அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளம் போடுகிற அலுவலகத்தைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பேருந்துப் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுவதும் டயருக்குக் காற்றடிப்பதும் அவர் வேலை. வார இறுதியில் சாயங்காலம் ஆனால், விரல் இடுக்கில் போகாத கருப்புக் கறையோடு ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் நின்று சாக்ஸபோன் ஊதுவார். ஊதுவதற்கு முன்னால் அவர் இழுக்கிற மூச்சு கடைசி மேசைக்காரருக்கும் கேட்கும். பெயர் அப்படி வந்தது.

அவரை ஜாஸ் பக்கம் இழுத்து வந்தவர் அவருடைய மச்சான், அதாவது அக்காவின் கணவர். மச்சான் ஒரு சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியில் கோடு போட்டாற்போல் கத்தி ஓட்டுகிற கை. அதே கை பியானோவில் ஏறினால் நேர்கோடு என்பதையே மறந்துவிடும். கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர் இல்லை. "இந்த வீட்டுல யாருக்காவது நல்ல நுரையீரல் இருக்கா?" என்றுதான் கேட்டாராம். அப்போது அவர் குழுவில் ஊதுகிற ஆள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டே தம்பியைக் காட்டினாள். "இவன் தூங்குனா பக்கத்து வீட்டுல எந்திரிச்சுருவாங்க. போதுமா?"

போதும் என்று ஆகிவிட்டது.

அவர்கள் இசை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது புரியாது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை விட்டுக் கழன்று தன் இஷ்டத்துக்குப் போவார். எவ்வளவு தூரம் போவார், எப்போது திரும்புவார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. ஒருவர் போதும் என்று நினைக்கும்போது உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைப்பார். 'முதல் மெட்டுக்குத் திரும்புங்கள், முடித்துக்கொள்வோம்' என்று அதற்கு அர்த்தம். ஒருவர் வாயில் குழல், இன்னொருவர் கையில் குச்சி. வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. அவர்கள் குழுவில் பெரும்பாலும் கை வைப்பவர் மச்சான்தான். வைத்த கையை உடனே எடுத்துவிடுவார். தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஜாஸில் தப்பு என்று எதையும் சட்டென்று சொல்லிவிட முடியாது. வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்காமல் விட்டால் 'இடம் விடுகிறார்' என்பார்கள். முரட்டுத்தனமாக இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் 'துணிச்சல்' என்பார்கள். மச்சான் அதைச் சொல்லி அடிக்கடி கேலி செய்வார். "மாப்ள, துணியைத் தப்பா வெட்டினா மொதலாளி என் தோலை உரிப்பான். பியானோல தப்பா வெட்டினா கை தட்டுறானுங்க. எந்தத் தொழில் நல்ல தொழில், நீயே சொல்லு."

இப்படியே வருடங்கள் போயின. ஒருநாள் ஒரு தொகுப்பாசிரியர் ஹோட்டலுக்கு வந்தார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜாஸ் இசையையும் அதை வாசித்தவர்களையும் பற்றி யார் யாரோ எழுதிய கட்டுரைகள், நினைவுகள், பேட்டிகள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒரு தடித்த புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். உள்ளூர்க் குழு ஒன்றும் அதில் இருக்க வேண்டும் என்று மச்சானிடம் பேட்டி எடுத்தார். படமும் போட்டார். புத்தகம் கைக்கு வந்த அன்று மச்சான் அதைத் துணி வெட்டுகிற மேசைக்கே கொண்டுபோய், அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு வேலை பார்த்தாராம்.

"உங்க மச்சானுக்குத் தலைகால் புரியலடா" என்றாள் அக்கா. "சாப்பிடும்போதும் அந்தப் பக்கத்தைத்தான் பாக்குறார். நான் தாலி கட்டிக்கிட்ட படத்தை ஒருநாளாவது அப்படிப் பாத்திருப்பாரா?"

வெளியீட்டு விழா நூலகத்தின் மாடி அரங்கில், காலை நேரத்தில். மச்சானின் குழு வாசிக்க ஏற்பாடு. அக்கா வரவில்லை. அவள் நிற்கிற பேக்கரியில் ஞாயிறன்றுதான் கூட்டம் அதிகம்.

பேச்சுகள் முடிந்ததும் தொகுப்பாசிரியர் புத்தகத்திலிருந்து ஒரு கட்டுரையைப் படித்தார். இறந்துபோன ஒரு டிரம்பெட் கலைஞர் மேடைச் சைகைகளைப் பற்றி எழுதியது. கண் சிமிட்டுவது, விரல் காட்டுவது, கடைசியாகத் தலையில் கை வைப்பது. படித்து முடித்து மச்சானைப் பார்த்து, "ஒருமுறை காட்டுங்களேன்" என்றார். மச்சான் எழுந்து நின்று, ஏதோ விருது வாங்குகிறவர் மாதிரி தலையில் கை வைத்துக் காட்டினார். சனம் சிரித்தது. முன்வரிசையில் இரண்டு பேர் தாங்களும் வைத்துப் பார்த்தார்கள்.

பாட்டு தொடங்கியது. மெட்டு முடிந்து, பெருமூச்சின் முறை முடிந்து, மச்சானின் முறை வந்தது. வலது கை வழக்கம்போல் துள்ளிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அதன் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. பெருமூச்சு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'இடம் விடுறார்' என்று நினைத்தார். பிறகு வலது கை மொத்தமாக நின்றது. இடது கை மட்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மொத்தென்று அழுத்தியது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு இடி என்று பட்டப்பெயர். அவர் உற்சாகம் தாங்காமல், "அப்படிப் போடுங்க!" என்று கத்தினார். 'மச்சான் இன்னிக்கு வேற எங்கயோ இருக்கார்' என்று பெருமூச்சு உள்ளுக்குள் பெருமைப்பட்டார்.

கண்ணைத் திறந்தபோது மச்சானின் இடது கை தலையில் இருந்தது.

அரங்கம் கைதட்டியது. இப்போதுதானே கற்றுக்கொண்டார்கள்! தெரிந்த சைகை, கண்ணெதிரே. 'பாத்தியா, கை வெச்சுட்டார்' என்று ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டினார்கள். பெருமூச்சு தன் பெரிய மூச்சை இழுத்து, முதல் மெட்டை எடுத்தார். முழு மெட்டையும் ஊதினார். இதுவரை அவர் அவ்வளவு நன்றாக ஊதியதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மச்சானின் கை தலையை விட்டு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதைப் பெருமூச்சும் பார்த்தார். விளையாட்டு காட்டுகிறார் என்று நினைத்தார். பலர் படம் பிடித்தார்கள்.

கடைசி ஸ்வரம் முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. மச்சான் குனிந்தார். வணக்கம் சொல்கிறார் என்று கைதட்டல் இன்னும் பெரிதானது. அவர் நெற்றி கட்டைகளில் மோதி, அத்தனை கட்டைகளும் ஒரே நேரத்தில் அலறின. அதற்கும் கொஞ்சம் பேர் தட்டினார்கள்.

மருத்துவமனையில் மச்சானை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார்.

"கூட இருந்தது யாரு? முதல்ல என்ன ஆச்சு?"

"விழுந்துட்டாருங்க" என்றார் இடி.

"விழுந்தது கடைசி. முதல்ல என்ன மாறுச்சு? கை இழுத்துச்சா? பேச்சு குழறுச்சா? எப்போ ஆரம்பிச்சுது?"

இடியும் பெருமூச்சும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எப்போது என்று யாருக்குத் தெரியும்? பெருமூச்சு திக்கித் திணறி, "டாக்டர், எங்க பாட்டுல தப்பா வாசிக்கிறதுக்கும் வேணும்னே வாசிக்கிறதுக்கும்…" என்று தொடங்கினார்.

"சார், எனக்குப் பாட்டு தெரியாது. அவர் உடம்பைச் சொல்லுங்க."

கூட வந்திருந்த தொகுப்பாசிரியரின் செல்போனில் முழுப் பாட்டும் பதிவாகியிருந்தது. மருத்துவமனை நடைவழியில், சுவரோரம் நின்று, அந்தப் பாட்டை அவர்கள் மறுபடி கேட்டார்கள். பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "இங்கேயும் பாட்டாய்யா?" என்று சலித்துக்கொண்டார். பெருமூச்சுக்கு அது காதில் விழவில்லை. கண்ணை மூடாமல் கேட்டார். காலையில் தேனாக இருந்த அதே வாசிப்பு இப்போது வேறாகக் கேட்டது. ஒரு கை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது.

"இங்க நிறுத்துங்க" என்றார். "இங்கதான் வலது கை போச்சு." மறுபடி ஓட விட்டார். "இது இடி கத்துறது. இது… இது கைதட்டு. இதுக்கப்புறம் நான்."

தன்னுடைய சாக்ஸபோன் அந்தச் சின்னக் கருவியிலிருந்து கம்பீரமாக எழுவதை அவர் கேட்டார். நிற்காமல், அவசரமில்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மரியாதை கொடுத்து. 'நிறுத்துடா, நிறுத்துடா' என்று அதைப் பார்த்து முணுமுணுத்தார். அது நிற்கவில்லை. மெட்டு முடிகிறவரை போனது.

டாக்டர் அந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

அக்கா பேக்கரி ஏப்ரனோடு வந்தாள். யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். அழவில்லை. தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க எல்லாரும் அங்கதானடா இருந்தீங்க?"

பெருமூச்சு மச்சான் இருந்த அறைக் கதவைக் காட்டினார்.

மச்சான் உயிரோடு திரும்பினார். வலது கையும் காலும் திரும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "சரி." பசித்தால் சரி. வேண்டாம் என்றாலும் சரி. வலித்தால் சரி. கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி, சரி, சரி!" ஆயுசு முழுக்க அக்காவிடம் எதற்கும் ஒரு தடவைகூடச் சரி சொல்லாத மனிதர்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே திரும்பிப் போய்விட்டது.

அறை சின்னது. கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் பழைய பியானோ. அதன் மூடி மேல் இப்போது மருந்துப் புட்டிகளும் மடித்த துணிகளும். மச்சான் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெருமூச்சு பணிமனையிலிருந்து நேரே வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார், முகம் மழிப்பார், வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவார். ஈரத் துணி மாதிரி இருக்கும் அந்தக் கை. தூக்கிப் பிடித்து விட்டால் பொத்தென்று விழும்.

டாக்டரிடம் ஒருமுறை கேட்டார். "கை வெச்ச உடனே நாங்க நிறுத்தியிருந்தா, இந்தக் கை பிழைச்சிருக்குமா?"

"சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பார். இரண்டும் இல்லாத பதில் அவரை இரவும் பகலும் அரித்தது. சாக்ஸபோனைப் பெட்டியில் போட்டு மச்சானின் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஹோட்டல்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முன்கூடத்தில் ஒரு ஒலிபெருக்கியை மாட்டிவிட்டார்கள். அதற்கு மூச்சும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

பணிமனையில் யாராவது தலையில் கை வைத்தால் போதும், பெருமூச்சு கையிலிருக்கிற ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடுவார். "வலிக்குதா? சிரிங்க பாக்கலாம். ரெண்டு கையையும் தூக்குங்க." மருத்துவமனையில் கற்றுக்கொண்ட சோதனை. ஓட்டுநர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு கேலி செய்தார்கள். "பேன் கடிச்சா சொறிய முடியல. இந்தாளு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுருவான்யா." அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டவனுக்குத்தானே தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் தொகுப்பாசிரியர் வீட்டுக்கு வந்தார். மனிதர் இளைத்திருந்தார். மச்சானின் கால்மாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பெருமூச்சை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"புத்தகம் மறுபடி அச்சாகப் போகுது. அன்னிக்கு நடந்ததைக் கடைசிக் கட்டுரையா சேர்க்கலாம்னு நினைக்கிறேன். கடைசியா ஒருமுறை அவர் அந்த மெட்டைக் கேட்டார். நீங்க கொடுத்தீங்க. அதைவிடப் பெரிய…"

"அவர் கேக்கலைங்க" என்றார் பெருமூச்சு.

"இல்ல, கையை வெச்சு…"

"தலை வெடிக்குதுன்னு கையை வெச்சார். நாங்க அவருக்குப் பாட்டு வாசிச்சோம். நல்லா எழுதுவீங்க, தெரியும். படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கும். ஆனா நடந்தது அது இல்ல. உள்ள படுத்திருக்கார், போய் அவரைக் கேளுங்க. சரின்னுதான் சொல்வார். பாவம், வேற என்ன சொல்வார்?"

தொகுப்பாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்தச் சைகைக் கட்டுரையில ஒரு வரி சேருங்க. கை தலைக்குப் போனா, ஊதறதை நிறுத்திட்டு முதல்ல முகத்தைப் பாருங்கன்னு."

"அதை எழுதினவர் இறந்துட்டாரே. அவர் எழுத்துல நான் கை வைக்க முடியாது. அடிக்குறிப்பா வேணும்னா போடுறேன்."

"அடிக்குறிப்புன்னா?"

"பக்கத்துக்கு அடியில, சின்ன எழுத்துல."

"சின்ன எழுத்துல போட்டா எவன் படிப்பான்?" என்று கேட்டார் பெருமூச்சு. கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சலாகக் கேட்டார். தொகுப்பாசிரியர் அந்தக் கடைசிக் கட்டுரையை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அடிக்குறிப்பை மட்டும் போட்டார். நான் புத்தகத்தை வாங்கித் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

அன்று அவர் போன பிறகு அக்கா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு சாக்ஸபோன் பெட்டியை இழுத்தாள்.

"வாசி."

"வேண்டாம்க்கா."

"அவர் கைதான் போச்சு, காது போகல. நாள் முழுக்க அந்த மூடின பியானோவைப் பாத்துக்கிட்டே கிடக்குறார். என்னால தாங்க முடியலடா. வாசி."

எடுத்தார். மூச்சை இழுத்தார், கட்டிலில் மச்சானின் கண் திரும்பியது. அந்த மெட்டைத்தான் வாசித்தார், வேறு எதுவும் விரலுக்கு வரவில்லை. மெட்டு முடிந்து கழன்று போனார். இத்தனை நாள் அடக்கி வைத்த எல்லாம் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி, அழுகிற பிள்ளை மாதிரி ஊதிக்கொண்டே போனார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அதனால் பார்த்தார்.

மச்சானின் இடது கை மெதுவாக எழுந்து, தலையில் போய் உட்கார்ந்தது.

சாக்ஸபோன் தரையில் விழுந்தது. "மச்சான்! வலிக்குதா? சிரிங்க! என்னைப் பாத்து சிரிங்க!"

"சரி" என்றார் மச்சான்.

"வலிக்குதா, இல்லையா?"

"சரி, சரி!" கை தலையிலேயே இருந்தது. முகம் சிவந்தது. "சரி! சரி! சரி!"

ஆமாமா இல்லையா என்று யாருக்குப் புரியும்? அக்கா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். மாடிப்படி குறுகல், பெருமூச்சு மச்சானை முதுகில் சுமந்துகொண்டே இறங்கினார். வழி முழுக்க முதுகில் ஒரு "சரி" கத்திக்கொண்டு வந்தது.

அதே டாக்டர். எல்லாச் சோதனையும் செய்தார். புதிதாக எதுவும் இல்லை என்றார். "என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

பெருமூச்சு சொன்னார். டாக்டர் மச்சானிடம் குனிந்து கேட்டார். "பெரியவரே, இவர் ரொம்ப இழுத்துட்டாரா? மெட்டுக்குத் திரும்பச் சொன்னீங்களா?"

மச்சான் டாக்டரைப் பார்த்தார், பிறகு பெருமூச்சைப் பார்த்தார். அவர் வாயின் இடது பாதி சிரித்தது. "சரி" என்றார்.

பெருமூச்சு நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நிறுத்தினதுக்கு வெக்கப்படாதீங்க. ஒரு பாட்டு போச்சு, அவ்வளவுதானே? நாளைக்குத் திரும்ப வாசிச்சுக்கலாம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவினர் அந்தச் சின்ன அறையில் வாசிக்கிறார்கள். பியானோ வாசிக்க ஆள் இல்லை. அதன் மேல் மருந்துப் புட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. மச்சானின் கை தலைக்குப் போனால் எல்லோரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். பெருமூச்சு குனிந்து அவர் முகத்தைப் பார்க்கிறார். மச்சான் எரிச்சலோடு "சரி, சரி" என்ற பிறகுதான் மெட்டுக்குத் திரும்புகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. கேட்க நன்றாக இல்லை. அந்தப் பள்ளத்தில் நின்றபடி பெருமூச்சு டாக்டர் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத அதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தில் தெரிகிறது. அது அவரை விட்டுப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

புத்தகத்தில் அந்த வரி சின்ன எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். மேடையில் வாசிக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களிடமும் சொல்லுங்கள், அவர்கள்தான் நிறையப் பேர். கதை நீளம் என்றால் மற்றதெல்லாம் விட்டுவிடுங்கள். கை தலைக்குப் போனால் முதலில் முகத்தைப் பாருங்கள் என்பதை மட்டுமாவது நாலு பேர் காதில் போட்டுவையுங்கள்.